நடுப் பசிபிக்கில் பாராசூட் விரித்த விமானம்: 2015 ஹவாய் நிகழ்வு ஆய்வு

2015 ஜனவரி 25, ஞாயிற்றுக்கிழமை மாலை. ஹவாயின் மாவி தீவுக்கு வடகிழக்கே சுமார் 253 மைல் தொலைவில், எரிபொருள் தீரும் தறுவாயில் இருந்த ஒற்றை எஞ்சின் விமானம் ஒன்று பாராசூட்டில் தொங்கியபடி கடலில் இறங்கியது. உள்ளே விமானி ஒருவர் மட்டுமே இருந்தார். அடுத்த 37 நிமிடத்தில் ஒரு பயணக் கப்பலின் ஊழியர்கள் அவரை மீட்டார்கள். நல்ல உடல்நிலையில் இருந்தார்.

மேலே வட்டமிட்டுக்கொண்டிருந்த அமெரிக்கக் கடலோரக் காவல் படை விமானம் எடுத்த வீடியோ அப்போது உலகம் முழுக்கப் பரவியது. பாராசூட்தான் ஆளைக் காப்பாற்றியது என்று பார்த்தவர்கள் பேசிக்கொண்டார்கள். அது உண்மைதான், ஆனால் பாராசூட் வேலை பார்த்தது கடைசிச் சில நிமிடங்கள் மட்டுமே. அதற்கு முன்னால் நான்கு மணி நேரத்துக்கு மேல் பல முடிவுகள் எடுக்கப்பட்டிருந்தன. விமானம் கடைசிவரை விமானியின் கட்டுப்பாட்டில் இருந்தது, எந்த நொடியிலும் அது தறிகெட்டுப் போகவில்லை. அப்படிப்பட்ட நிலையிலும் பாராசூட்டைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதுதான் இந்த நிகழ்வைப் படிக்க வேண்டியதாக்குகிறது.

பின்னணி: சின்ன விமானம் பசிபிக்கைக் கடப்பது

விமானம் சிரஸ் எஸ்ஆர்-22. நான்கு இருக்கை, ஒரே ஒரு பிஸ்டன் எஞ்சின், உள்ளே மடங்காத சக்கரங்கள். இறக்கைகளில் உள்ள டேங்குகளில் பயன்படுத்தக்கூடிய எரிபொருள் சுமார் 92 காலன், அதாவது 350 லிட்டர். அதை வைத்துக்கொண்டு சாதாரணமாக 1,800 கிலோமீட்டர் அளவுக்குப் பறக்கலாம்.

கலிஃபோர்னியாவின் ட்ரேசி நகரிலிருந்து மாவிக்கு உள்ள தூரம் அதைப்போல் இரண்டு மடங்கு. நடுவில் ஒரு தீவு கூடக் கிடையாது. இந்தக் கடற்பரப்பை ஒற்றை எஞ்சினில் கடக்கும் விமானிகள் பெரும்பாலும் விமானத்தை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் கொண்டு சேர்ப்பதைத் தொழிலாகச் செய்பவர்கள். கேபினுக்குள்ளே கூடுதல் டேங்க் வைத்து, குழாய், வால்வு வழியாக விமானத்தின் சொந்த எரிபொருள் அமைப்போடு இணைத்துக்கொள்வார்கள். புறப்படும்போது எடை வழக்கமான உச்சவரம்பைத் தாண்டும் என்பதால் தனி அனுமதி வாங்க வேண்டும்.

இந்த ஏற்பாட்டில் ஒரு பலவீனம் இருக்கிறது. விமானத்தின் மற்ற பாகங்களெல்லாம் பல ஆண்டுச் சோதனையைத் தாண்டி வந்தவை. கூடுதல் டேங்க் மட்டும் அந்தப் பயணத்துக்கென்று பொருத்தி, போய்ச் சேர்ந்ததும் கழற்றி எடுக்கும் தற்காலிக ஏற்பாடு. பயணம் முழுவதும் நம்பியிருப்பதோ அந்தத் தற்காலிகப் பாகத்தைத்தான்.

விமானத்துக்கே ஒரு பாராசூட்

சிரஸ் விமானங்களில் பாராசூட் விமானிக்கு அல்ல, விமானம் முழுவதற்கும். விமானம் மொத்தமும் அதில் தொங்கியபடி இறங்கும். நிறுவனத்தைத் தொடங்கிய சகோதரர்களில் ஒருவரான ஆலன் கிளாப்மையர் 1985-இல் நடுவானில் இன்னொரு விமானத்தோடு மோதினார். இறக்கையில் ஒரு பகுதி போன நிலையிலும் எப்படியோ தரையிறக்கிவிட்டார். மற்ற விமானத்தில் இருந்தவர் பிழைக்கவில்லை. அதற்குப் பிறகு, தங்கள் விமானத்தில் இப்படியொரு வசதி இருந்தே தீர வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். இதற்கான தொழில்நுட்பத்தை உருவாக்கியிருந்த பிஆர்எஸ் நிறுவனத்தின் நிறுவனர் போரிஸ் போபோவும், ஹேங் கிளைடரில் (ஆள் தொங்கியபடி பறக்கும், எஞ்சின் இல்லாத இறக்கை) பறக்கும்போது கீழே விழுந்து பிழைத்தவர்.

1998-இல் சான்றிதழ் பெற்ற எஸ்ஆர்-20 தொடங்கி எல்லா சிரஸ் பிஸ்டன் விமானங்களிலும் இது கட்டாய பாகம். ஓர் உயிரை இது முதன்முதலில் காப்பாற்றியது 2002 அக்டோபரில், டெக்சாஸ் மாநிலத்தில். பராமரிப்பு வேலை முடிந்து வெளியே வந்த விமானத்தின் ஒரு எய்லரான் (பக்கவாட்டுச் சாய்வைக் கட்டுப்படுத்தும் இறக்கை மடல்) பறக்கும்போது கழன்று தொங்கியது. விமானி கைப்பிடியை இழுத்தார், தானே நடந்து வெளியே வந்தார். அதன் பிறகு நூற்றுக்கும் மேற்பட்ட முறை இந்தப் பாராசூட் விரிந்திருக்கிறது.

வேலை செய்யும் விதத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, கடலில் நடந்தது அதை வைத்துத்தான் புரியும்.

இரண்டு முன் இருக்கைகளுக்கும் நடுவே, தலைக்கு மேல் கூரையில் ஒரு சிவப்புக் கைப்பிடி. அதை ஒரு மூடி மறைத்திருக்கும். தரையில் நிற்கும்போது ஒரு பூட்டு ஊசி செருகியிருக்கும், பறக்கும் முன் அதை எடுத்துவிட வேண்டும். மூடியைக் கழற்றி, இரண்டு கைகளாலும் பிடித்து, நேர்கீழாக இழுக்க வேண்டும். விளையாட்டுத்தனமாக இழுத்தால் வராது. ஏறத்தாழ 20 கிலோ எடையைத் தூக்கும் அளவுக்கு விசை தேவை. ஒரு கையால் சுண்டி இழுத்துப் பார்த்துவிட்டு ‘வேலை செய்யவில்லை’ என்று நினைத்துக்கொள்ளும் ஆபத்து இருப்பதால், பயிற்சியில் இதைத் திரும்பத் திரும்பச் சொல்வார்கள்.

இழுத்தவுடன் பின் சன்னலுக்குப் பின்னால் உள்ள அறையில் திட எரிபொருள் ராக்கெட் ஒன்று பற்றிக்கொண்டு, மேல்மூடியை உடைத்துக்கொண்டு பாராசூட் பையை வெளியே இழுத்துப் போகும். பாராசூட்டைத் தாங்கும் பட்டைகள் விமானத்தின் தோலுக்கு அடியிலேயே பதிந்திருக்கின்றன. பாரம் ஏறும்போது அவை தோலைக் கிழித்துக்கொண்டு மேலே வரும். துணி ஒரேயடியாக விரிந்தால் கிழிந்துவிடும், அதனால் கயிறுகளை இறுக்கிப் பிடித்திருக்கும் ஒரு வளையம் காற்றின் வேகம் குறையக் குறைய மெல்லக் கீழே இறங்கி, துணியைப் படிப்படியாக விரியவிடும். பழைய மாடல்களில் விரிந்த துணியின் விட்டம் 55 அடி, 2013-க்குப் பிறகு வந்த மாடல்களில் 65 அடி.

பின்பக்கப் பட்டை முதலில் வேண்டுமென்றே குட்டையாகக் கட்டப்பட்டிருக்கும். எனவே விமானம் தொடக்கத்தில் மூக்கைத் தாழ்த்தியபடி தொங்கும். ஏறத்தாழ 8 நொடி கழித்து ஒரு வெட்டுக் கருவி அந்தக் கட்டை அறுத்துவிட, வால் கீழே இறங்கி விமானம் மட்டமாகும். வீடியோவில் விமானம் செங்குத்தாகத் தலைகீழாவது போலத் தெரிந்து, பிறகு சமநிலைக்கு வருவது இதனால்தான். பார்ப்பவருக்குப் பதறும், ஆனால் அது திட்டமிட்ட படிநிலை.

இறங்கும் வேகம் நிமிடத்துக்கு 1,700 அடிக்கும் குறைவு. மணிக்குச் சுமார் 30 கிலோமீட்டர். மூன்று, நான்கு மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் எவ்வளவு அதிர்ச்சி இருக்குமோ அவ்வளவு. தரையில் விழும்போது சக்கரக் கால்கள் வளைந்து அதில் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். இருக்கைக்கு அடியில் உள்ள தேன்கூடு அமைப்பு நசுங்கி மிச்சத்தை வாங்கும்.

என்ன தெரிய வந்தது: பகல் 12:30

விமானி கடலோரக் காவல் படைக்குத் தகவல் சொன்னது ஹவாய் நேரம் பகல் 12:30 மணிக்கு. இன்னும் மூன்று மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகவே எரிபொருள் இருக்கிறது, மாவிக்கு 230 மைலுக்கு முன்பே கடலில் இறங்க வேண்டியிருக்கும் என்பது அந்தத் தகவலின் சாரம். கூடுதல் டேங்கிலிருந்து எரிபொருள் வரவில்லை. வழியில் ஒரு வால்வு ஒத்துழைக்கவில்லை.

அதாவது விமானத்தில் எரிபொருள் இருக்கிறது, எஞ்சினுக்குத்தான் போய்ச் சேரவில்லை. இப்படிப்பட்ட நேரத்தில் மனித மனம் செய்யக்கூடியது என்ன என்பதைப் பல விபத்து அறிக்கைகளில் பார்க்கலாம். ‘இன்னும் ஒருமுறை முயன்று பார்ப்போம், வந்துவிடும்’ என்று நினைப்பது. வால்வைத் திறந்து மூடி, பம்பைப் போட்டு அணைத்து, ஒரு மணி நேரம் போய்விடும். யாரிடமும் சொல்லாமலே போய்விடும். சொன்னால் விசாரணை வரும், மானம் போகும் என்ற தயக்கமும் அதில் சேரும்.

இங்கே அது நடக்கவில்லை. கையில் மூன்று மணி நேரம் இருக்கும்போதே, எங்கே விழப் போகிறோம் என்ற கணக்கோடு தகவல் போயிருக்கிறது. என் பார்வையில் இந்த நிகழ்வின் மிக முக்கியமான முடிவு இதுதான். சிவப்புக் கைப்பிடி இதற்கு அடுத்துத்தான்.

திரும்பிப் போகும் வழி அப்போது அடைபட்டிருந்தது. மூன்று மணி நேர எரிபொருளில் மாவிக்கு 230 மைல் வரை வர முடிகிறது என்றால், விமானம் ஏற்கெனவே பாதி தூரத்தை நன்றாகத் தாண்டிவிட்டது. கலிஃபோர்னியா அதைவிடத் தொலைவில் இருந்தது. மிச்சமிருந்த கேள்விகள் இரண்டே: எந்த இடத்தில் இறங்குவது, எப்படி இறங்குவது.

முதல் முடிவு: எந்த இடம்

தகவல் கிடைத்ததும் ஹவாயின் ஓஹு தீவின் பார்பர்ஸ் பாயின்ட் தளத்திலிருந்து கடலோரக் காவல் படையின் எச்சி-130 ஹெர்குலிஸ் விமானம் கிளம்பியது. நான்கு எஞ்சின் கொண்ட இந்தப் பெரிய விமானத்தால் கடலில் ஆளைத் தூக்க முடியாது. ஆனால் இடத்தைக் கண்டுபிடித்துச் சுற்றி வரலாம், வானொலியில் பேசலாம், தேவைப்பட்டால் மிதவை (காற்று நிரம்பும் உயிர்காப்புப் படகு) போடலாம்.

ஆளைத் தூக்கக் கப்பல் வேண்டும். அதற்கு உதவியது ஆம்வெர் என்ற ஏற்பாடு. 1958-இல் அமெரிக்கக் கடலோரக் காவல் படை தொடங்கியது. வணிகக் கப்பல்கள் தங்கள் இருப்பிடத்தையும் போகும் வழியையும் தாமாக முன்வந்து இதில் பதிவு செய்துகொள்கின்றன. ஆபத்து வந்தால் அருகில் எந்தக் கப்பல் இருக்கிறது என்று உடனே பார்த்துச் சொல்லலாம். அன்று அந்த வட்டாரத்தில் வீண்டம் என்ற பயணக் கப்பல் இருந்தது. விமானியை அந்தக் கப்பல் இருக்கும் பக்கம் வரச் சொன்னார்கள்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. எரிபொருள் குறையும்போது கரையை நோக்கி முடிந்தவரை போய்விட வேண்டும் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் கரைக்கு 150 மைலில் விழுவதற்கும் 250 மைலில் விழுவதற்கும் நீந்துகிறவருக்கு வித்தியாசமே இல்லை. கப்பலுக்கு ஒரு மைலில் விழுவதும் நூறு மைலில் விழுவதும்தான் உயிருக்கும் சாவுக்கும் இடையிலான வேறுபாடு. அன்று 12:30-க்குச் சொன்ன கணக்கு 230 மைல், இறங்கியது 253 மைலில். அதாவது விமானம் கரையிலிருந்து இன்னும் கொஞ்சம் தள்ளியே இறங்கியிருக்கிறது. அது சரியான முடிவு.

பயணக் கப்பல் கிடைத்ததும் நல்லதாகப் போயிற்று. அதில் கீழே இறக்கிச் செலுத்தக்கூடிய படகுகள் தயாராக இருக்கும், அவற்றை இயக்கப் பழகிய ஆட்கள் இருப்பார்கள், மருத்துவரும் இருப்பார்.

வெளிச்சத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஜனவரி கடைசியில் அந்தப் பக்கம் சூரியன் மறைய ஆறு மணி ஆகிவிடும். மாலை 4:44-க்கு இறங்கியதால், அலையில் மறைந்து எழும் ஒரு சின்ன மிதவையைத் தேட ஒரு மணி நேரத்துக்கு மேல் பகல் மிச்சமிருந்தது. இருட்டிய பிறகு இதே காரியம் முற்றிலும் வேறு கணக்கு.

இரண்டாம் முடிவு: கடலில் சறுக்கி இறங்குவதா, பாராசூட்டா

எஞ்சின் நின்றாலும் எஸ்ஆர்-22 கிளைடர் போல மெல்ல இறங்கக்கூடியதுதான். விமானியின் கட்டுப்பாட்டில் இருக்கும் ஒரு விமானத்தை எதற்குப் பாராசூட்டில் விட்டுவிட வேண்டும்? பழைய தலைமுறை விமானிகள் பலர் இந்தக் கேள்வியை மனதாரக் கேட்பார்கள். பறக்கக் கற்றவன் கடைசிவரை பறந்து இறக்க வேண்டும் என்பது அவர்கள் ஊறிய மரபு. அந்த மரபுக்கு மரியாதை உண்டு, ஆனால் அன்றைய கடலைப் பார்த்துத்தான் பதில் சொல்ல வேண்டும்.

அன்று அலை 9 முதல் 12 அடி. காற்று மணிக்கு 25 முதல் 28 மைல், அதாவது 40 முதல் 45 கிலோமீட்டர்.

இந்த விமானத்தை நீர்ப்பரப்பில் தொடவைக்கக்கூடிய மிகக் குறைந்த வேகம் மணிக்கு ஏறத்தாழ 110 கிலோமீட்டர். காற்றை எதிர்த்து இறங்கினால் நீரோடு ஒப்பிடும்போது அது 65, 70 ஆகக் குறையும் என்பது உண்மை. ஆனால் காற்றை எதிர்த்தால் அலைமுகத்தில் போய் முட்ட வேண்டிவரும். அலைக்கு இணையாக இறங்கினால் பக்கக் காற்றுத் தள்ளும். இரண்டில் எதைத் தேர்ந்தாலும் தொங்கிக்கொண்டிருக்கும் சக்கரங்கள்தான் முதலில் தண்ணீரைக் கவ்வும். கவ்வினால் மூக்கு உள்ளே போய் விமானம் குப்புறப் புரளும் வாய்ப்பு அதிகம். தலைகீழாக, இருட்டில், பெல்ட்டில் தொங்கியபடி, தண்ணீருக்குள் கதவைத் தேட வேண்டும். மூர்ச்சையாகிவிட்டால் அதுவும் இல்லை.

பாராசூட்டில் வந்தால் செங்குத்தாக மணிக்கு 30 கிலோமீட்டர், பக்கவாட்டில் காற்றோடு சேர்ந்து 40 கிலோமீட்டர். இதுவும் லேசான அடி அல்ல. ஆனால் விமானம் மட்டமாக, வயிற்றுப் பக்கம் கீழே இருக்க, இருக்கை எந்தத் திசையில் தாங்கும்படி வடிவமைக்கப்பட்டதோ அந்தத் திசையிலேயே அடி வாங்கும். எந்த அலையின் எந்த இடத்தில் தொடுகிறோம் என்ற கணக்கும் வேண்டாம், விமானியின் கைத்திறனும் அதிர்ஷ்டமும் அதில் பெரிதாகக் கலப்பதில்லை.

சிரஸ் கையேடும் கடலில் இறங்க வேண்டிவந்தால் பாராசூட்டையே சொல்கிறது. முன்மாதிரியும் இருந்தது. 2012 ஜனவரியில் பஹாமாஸ் அருகே எஞ்சின் எண்ணெய் அழுத்தம் போன ஓர் எஸ்ஆர்-22, தந்தையும் மகளுமாக இருவரோடு பாராசூட்டில் கடலில் இறங்கியது. இருவரும் மிதவைக்கு மாறி, கடலோரக் காவல் படையால் மீட்கப்பட்டார்கள்.

எதிர்ப்பக்கத்தையும் மறைக்கக் கூடாது. தண்ணீரில் சக்கரக் கால்கள் வளைந்து அதிர்ச்சியை வாங்குவதில்லை, நேராக உள்ளே முங்கிவிடும். அடி நேரே முதுகெலும்புக்குப் போகிறது. 2005-இல் நியூயார்க் அருகே ஹட்சன் ஆற்றில் இப்படி இறங்கிய ஒரு விமானிக்கு முதுகெலும்பில் முறிவு ஏற்பட்டது. பறக்கும்போது வலிப்பு வந்து நினைவு தப்பி, தெளிந்ததும் கைப்பிடியை இழுத்தவர் அவர். முறிவோடுதான் வெளியேறினார், உயிர் தப்பினார்.

4:44 மணி

12:30-க்கும் 4:44-க்கும் இடையே நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓடிவிட்டது. இந்த நேரத்தில் காவல் படை விமானம் வந்து பக்கத்தில் பறந்தது, கப்பல் நெருங்கியது. காத்திருக்கும் நேரம் வீண் நேரம் இல்லை. கேபினில் உள்ள தளர்ந்த பொருட்களைக் கட்டிவைக்கலாம், லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொள்ளலாம் (ஆனால் உள்ளே இருக்கும்போது ஊதக் கூடாது, ஊதினால் கதவு வழியே வெளியேற முடியாது), மிதவையைக் கைக்கெட்டும் இடத்தில் வைக்கலாம், கதவைத் தாழ்நீக்கி வைக்கலாம். கதவைத் தாழ்நீக்குவது சின்ன விஷயமாகத் தோன்றும். தண்ணீர் வெளியிலிருந்து அழுத்தும்போது சிரஸ் கதவைத் திறப்பது கடினம். உள்ளே ஓரளவு நீர் நிரம்பி அழுத்தம் சமமாகும்வரை காத்திருக்க வேண்டிவரலாம். அதற்கும் மசியாவிட்டால் சன்னலை உடைக்க ஒரு சுத்தியல் விமானத்திலேயே இருக்கிறது.

4:44-க்குக் கைப்பிடி இழுக்கப்பட்டது. வீடியோவில் ராக்கெட்டின் புகை பின்னால் நீள்வதும், துணி நீண்டு விரிவதும், விமானம் மூக்கு தாழ்ந்து ஊசலாடி, பின் நிமிர்வதும் தெரிகிறது. கீழே வெள்ளை நுரை பொங்கும் அலைகள்.

பாராசூட்டைத் திறக்க வேகத்துக்கு ஒரு மேல்வரம்பு உண்டு. நிரூபித்துக் காட்டிய வரம்பு பழைய மாடல்களில் 133 நாட் (மணிக்குச் சுமார் 246 கிலோமீட்டர்), பிந்தையவற்றில் 140 நாட் (சுமார் 259 கிலோமீட்டர்). உயரத்துக்கும் ஒரு கீழ்வரம்பு. மட்டமாகப் பறக்கும்போது திறந்தால் பழைய மாடல்கள் 400 அடி இழப்பதாகச் சோதனையில் பதிவாகியிருக்கிறது. எஞ்சின் நின்று, உயரம் கரைந்து, பதற்றத்தில் மூக்கைத் தாழ்த்தி வேகம் கூடிய நிலையில் இழுப்பதற்கும், போதிய உயரத்தில், அடங்கிய வேகத்தில், மட்டமாகப் பறந்துகொண்டு இழுப்பதற்கும் உள்ள இடைவெளி பெரியது. முன்கூட்டியே முடிவெடுத்தவருக்கே இரண்டாவது வாய்க்கும்.

தண்ணீரில் 37 நிமிடம்

விமானம் நீரைத் தொட்டவுடன் வேறொரு ஆபத்து தொடங்குகிறது. தரையிலானாலும் நீரிலானாலும், காற்று பலமாக இருந்தால் பாராசூட் படுத்துவிடாது. பாய்மரம் போலப் புடைத்துக்கொண்டு விமானத்தை இழுக்கும். அன்றைய காற்றுக்கு இது எதிர்பார்க்க வேண்டியதே. விமானத்துக்குள் உட்கார்ந்து மூச்சு வாங்க நேரமில்லை. உடனே வெளியேற வேண்டும், கயிறுகளில் சிக்கக் கூடாது.

விமானி வெளியேறி மிதவைக்கு மாறினார். 5:21-க்குக் கப்பல் ஊழியர்கள் அவரை மீட்டார்கள். அந்தக் கடல் வெதுவெதுப்பானது, ஜனவரியிலும் 20 டிகிரிக்கு மேல். குளிர்ந்த வட அட்லாண்டிக்காக இருந்திருந்தால் 37 நிமிடம் என்பது மிக நீண்ட நேரம்.

கடைசியாகப் பார்த்தபோது விமானம் பாதி மூழ்கிய நிலையில் மிதந்து போய்க்கொண்டிருந்தது.

எதை மாற்ற வேண்டும்

பாராசூட்டின் வெற்றியில் மறைந்துபோகக் கூடாத கேள்வி: இந்த நிலை வந்தே இருக்க வேண்டுமா? கூடுதல் டேங்கிலிருந்து எரிபொருள் வருகிறதா என்பதை, கரைக்குத் திரும்பிப் போக முடியும்போதே உறுதிசெய்ய வேண்டும். புறப்பட்டவுடன் இறக்கை டேங்குகள் நிரம்பியிருக்கும், அதில் எதையும் ஏற்ற இடம் இருக்காது. கொஞ்சம் எரிந்து இடம் கிடைத்தவுடன் சிறிதளவு மாற்றிப் பார்த்து, அளவுமானியில் ஏறுகிறதா என்று கவனிக்க வேண்டும். டேங்க் ஒன்றுக்கு மேல் இருந்தால் ஒவ்வொன்றிலிருந்தும் தனித்தனியாக. எல்லா வால்வும் வேலை செய்வது தெரிந்த பிறகே திரும்ப முடியாத புள்ளியைத் தாண்ட வேண்டும். அதற்கு அப்பால் முதன்முறையாகத் திறக்கும் வால்வு ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பதை விதியாகவே வைக்கலாம். ஒரே வால்வு, ஒரே வழி என்ற அமைப்பையும் மாற்ற வேண்டும். மின்வால்வு மக்கர் செய்தால் கையால் திருப்பிவிடும் மாற்றுவழி கேபினுக்குள்ளேயே எட்டும்படி இருப்பது நல்லது.

எடையையும் பார்க்க வேண்டும். பாராசூட் தாங்கும் என்று சான்று பெற்றது விமானத்தின் வழக்கமான உச்ச எடைக்குத்தான். கூடுதல் எரிபொருளோடு புறப்பட்ட முதல் சில மணி நேரம் விமானம் அந்த எடையைத் தாண்டியிருக்கும். அப்போது கோளாறு வந்தால் பாராசூட் எப்படி நடந்துகொள்ளும் என்பதற்குச் சான்று கிடையாது. நீண்ட நேரம் பறந்து எடை குறைந்த பிறகு இழுப்பது வேறு. இப்பயணங்களுக்குத் தயாராகும் விமானிகள் எந்த மணி நேரத்திலிருந்து பாராசூட்டை முழுதாக நம்பலாம் என்பதைத் திட்டத்தாளிலேயே குறித்துக்கொள்ள வேண்டும்.

பயிற்சியைப் பொறுத்தவரை சிரஸ் உலகம் ஏற்கெனவே கடுமையான பாடம் படித்திருக்கிறது. தொடக்க ஆண்டுகளில், பாராசூட் இருந்தும் இழுக்காமலே இறந்துபோன விமானிகள் கணிசம். இழுத்தால் விமானம் வீணாகுமே, நம்மால் சமாளிக்க முடியாதா என்ற எண்ணம் கையைத் தடுத்தது. சிரஸ் உரிமையாளர்கள் மற்றும் விமானிகள் சங்கம் அந்த விபத்துகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்து, சீக்கிரமே இழு என்று பயிற்சியை மாற்றியமைத்த பிறகு உயிரிழப்பு விபத்துகளின் விகிதம் இறங்கியது. இன்று புறப்படும் முன்பே உயரங்களைச் சொல்லிக்கொள்கிறார்கள்: ஓடுபாதையை விட்டெழுந்து 500, 600 அடி வரை நேரே முன்னால் இறங்குவது, அதற்கு மேல் 2,000 அடி வரை எஞ்சின் நின்றால் உடனே பாராசூட், 2,000-க்கு மேல் கோளாறைப் பார்க்க நேரம் உண்டு. சொல்லிக்கொண்டே கை மேலே போய்க் கைப்பிடியைத் தொட்டுப் பார்க்க வேண்டும். பக்கத்தில் இருக்கும் பயணிக்கும் காட்டித்தர வேண்டும், விமானி மயங்கிவிட்டால் இழுக்கப்போவது அவர்தான்.

எல்லா நிலைக்கும் இது மருந்தல்ல. 2010 பிப்ரவரியில் கொலராடோவின் போல்டர் அருகே ஒரு சிரஸ் எஸ்ஆர்-20, கிளைடரை இழுத்துச் சென்ற விமானத்தோடு மோதியது. சிரஸ் தீப்பற்றிய நிலையில் பாராசூட்டில் தொங்கி இறங்கியது. உள்ளே இருந்த இருவரும் இறந்தார்கள். தீ பிடித்த விமானத்துக்கு மெதுவாக இறங்குவது உதவாது.

பராமரிப்பில் ஒன்று. பாராசூட்டையும் ராக்கெட்டையும் 10 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றி, மடித்து வைக்க வேண்டும், செலவு அதிகம். பழைய விமானம் வாங்குகிறவர்கள் அந்தத் தேதியை எஞ்சின் மணிக்கணக்கைப் பார்ப்பதுபோல் பார்க்க வேண்டும். விபத்து இடத்துக்கு வரும் தீயணைப்பு வீரர்களுக்கும் ஒரு செய்தி போய்ச் சேர வேண்டும்: ராக்கெட் வெடிக்காமல் கிடக்கும் சிரஸ் விமானத்தை வெட்டும்போது, பின் சன்னலுக்குப் பின்னால் உள்ள பகுதியிலும் கைப்பிடியிலிருந்து அங்கே ஓடும் கம்பியிலும் கருவியை வைக்கக் கூடாது.

கடல் கடக்கும் பயணத்துக்கென்று இன்னொன்றும் உண்டு. மிதவை, ஜாக்கெட், சுத்தியல் மூன்றும் எங்கே இருக்கின்றன என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு கையால் எடுத்துப் பழக வேண்டும். கூடுதல் டேங்க் ஏற்றிய கேபினில் இடம் நெருக்கடி. மிதவையை டேங்குக்குப் பின்னால் செருகிவைத்துவிட்டால், நான்கு மணி நேரம் அவகாசம் கிடைக்காத நாளில் அதை எடுக்க முடியாது. புறப்படும் முன் தரையிலேயே உட்கார்ந்து, பெல்ட்டைக் கழற்றி, மிதவையோடு கதவு வழியே வெளியே வந்து பார்த்துவிட வேண்டும். வர முடியாவிட்டால் டேங்கையோ மிதவையையோ இடம் மாற்றிக் கட்டிவிட்டுத்தான் ஓடுபாதைக்குப் போக வேண்டும்.